எழுதப்படாத இடம்: பீத்தோவனின் வயலின் கன்செர்ட்டோவும் அதன் ஒலிப்பதிவுகளும்

ஒரு கீர்த்தனையை இயற்றியவர் ஒருவர்; அதனை வாழ வைப்போர் பலர். ஒரே கீர்த்தனையை இரு வித்துவான்கள் பாடக் கேட்டு, இவரது பாடாந்தரம் இது, அவரது பாணி அது என்று ஒப்பிட்டு மகிழ்வது தமிழ்ச் சுவைஞர்க்குப் புதிதன்று. ஐரோப்பியச் செவ்வியல் இசையிலும் இவ்வழக்கம் உண்டு. ஆங்கே இசை முழுவதும் தாளில் எழுதி வைக்கப்படுவதால், ஒப்பிட என்ன இருக்கிறது என்னும் ஐயம் எழலாம். எழுதியது ஒன்றேயாயினும் அது கைக்குக் கை வேறுபடுகின்றது. அவ்வேறுபாட்டில் அந்தந்தக் காலத்தின் முகமும் தெரிகின்றது. ஒலிப்பதிவு தோன்றிய பின்னரே இவ்வுண்மை ஐயத்திற்கிடமின்றி விளங்கிற்று.

தனி இசைக்கருவி ஒன்றும் முழு இசைக்குழுவும் உரையாடுவது போலவும், சில வேளைகளில் வழக்காடுவது போலவும் அமையும் இசைப்படைப்பே கன்செர்ட்டோ எனப்படும். வயலினுக்கு எழுதப்பட்டவற்றுள் உலகெங்கும் விரும்பிக் கேட்கப்படுவன சில. பீத்தோவன் (1806), மெண்டல்சன் (1844), பிராம்ஸ் (1878), சைகோவ்ஸ்கி (1878), சிபேலியஸ் (1904, திருத்திய வடிவம் 1905) ஆகியோரின் படைப்புகள் அவற்றுள் தலையாயவை. இவற்றுள்ளும் பீத்தோவனின் டி மேஜர் கன்செர்ட்டோ ஒரு தனித்தன்மை உடையது. அதனுள் ஓர் இடத்தை ஆசிரியரே எழுதாமல் விட்டுச் சென்றார். அந்த வெற்றிடத்தை யார் யார், எப்பொழுது, எவ்வாறு நிரப்பினர் என்று பார்த்தால், அஃது இருபதாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் வரலாறாகவே விரியக் காணலாம்.

பிறப்பும் புறக்கணிப்பும்

1806ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள், வியன்னா நகரின் தியேட்டர் ஆன் டெர் வீன் அரங்கில் இப்படைப்பு முதன்முதலாக அரங்கேறியது. வாசித்தவர் ஃபிரான்ஸ் கிளெமெண்ட். அவர் அவ்வரங்கத்து இசைக்குழுவின் முதல் வயலின் கலைஞர்; அப்போது இருபத்தாறு வயதினர். இயல்பான மென்மையும் தூய சுருதியும் வாய்ந்த அவரது வாசிப்பை எண்ணியே பீத்தோவன் இதனை எழுதினார். கருணை என்னும் பொருள்படும் சொல்லையும் கிளெமெண்ட் என்னும் பெயரையும் சிலேடையாக இணைத்துக் கையெழுத்துப்படியில் ஒரு குறிப்பையும் அவர் பொறித்து வைத்தார்.

எழுதி முடிக்கப்பட்டது கடைசி நேரத்தில். கிளெமெண்ட் போதிய ஒத்திகையின்றி, ஏறத்தாழப் பார்த்த மாத்திரத்தில் வாசித்தார் என்பர். அதே நிகழ்ச்சியில் அவர் வயலினைத் தலைகீழாகப் பிடித்து ஒரே தந்தியில் தம் சொந்தப் படைப்பு ஒன்றை வாசித்துக் காட்டியதும் உண்டு. வித்தை காட்டலை மக்கள் விரும்பிய காலம் அது. அடுத்த மாதம் வெளிவந்த ஒரு திறனாய்வு, படைப்பின் அழகுகளை ஒப்புக்கொண்டு, தொடர்ச்சி அடிக்கடி அறுந்துபோவதாகவும், சாதாரணமான சில பகுதிகள் திரும்பத் திரும்ப வந்து சலிப்பூட்டக் கூடும் என்றும் குறை கூறியது.

படைப்பின் தொடக்கமே அக்காலத்தார்க்குப் புதிராக இருந்திருக்க வேண்டும். டிம்பனி என்னும் முரசு மட்டும் தனியே, மெல்ல, ஐந்து முறை ஒலிக்கின்றது. ஒரு கதவைத் தட்டுவது போன்ற அந்த ஒலியே முதற்பகுதி முழுவதற்கும் வித்தாகின்றது. தனி வயலினோ 89ஆம் தாளக்கட்டில்தான் வாய் திறக்கின்றது. பிறகும் அது ஆரவாரம் செய்வதில்லை. ஏறுவதும் இறங்குவதுமாக, இசைக்குழு பாடும் இராகத்தின் மேல் கொடி படர்வது போலப் படர்கின்றது. வித்தையை எதிர்பார்த்தவர்க்கு இது ஏமாற்றமே. 1808இல் அச்சேறிய பின்னரும் இக்கன்செர்ட்டோ அரிதாகவே மேடை கண்டது. 1834இல் பதினான்கு வயது வியூடான் வியன்னாவில் வாசித்தது போன்ற சில முயற்சிகள் நிகழ்ந்தன. எனினும் படைப்பு வேரூன்றவில்லை. பீத்தோவன் 1827இல் மறைந்தார். கிளெமெண்ட் 1842இல் வறுமையில் இறந்தார். தம் கைகளில் பிறந்த படைப்பு உலகை வெல்லும் என்பதை இருவருமே கண்டிலர்.

பாலஸ்வாமி தீட்சிதர் ஐரோப்பிய வயலினைக் கற்றுத் தென்னக இசைக்கு உரியதாக்கியதும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியிலேயே ஆகும். ஒரு கருவி கடல் கடந்து புது வாழ்வு பெற்ற அதே காலத்தில், அக்கருவிக்காக அதன் தாயகத்தில் எழுந்த பெரும்படைப்பு ஒன்று கேட்பாரற்றுக் கிடந்தது.

கடென்சா என்னும் வெற்றிடம்

1844ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் நிலைமை மாறியது. இலண்டன் ஃபில்ஹார்மானிக் கழகத்தின் மேடையில் பதின்மூன்று வயதும் நிரம்பாத யோசப் யோவாகிம் என்னும் சிறுவன் இக்கன்செர்ட்டோவை வாசித்தான். இசைக்குழுவை நடத்தியவர் பெலிக்ஸ் மெண்டல்சன். சிறுவர்களை மேடையேற்றுவதில்லை என்னும் கழகத்தின் விதி அன்று தளர்த்தப்பட்டது. அவையோர் வியந்து ஆர்ப்பரித்தனர். அன்று தொடங்கி ஏறத்தாழ அறுபது ஆண்டுக்காலம் யோவாகிம் இப்படைப்பை நகர் நகராகக் கொண்டு சென்றார். கண்டெடுத்தவர் என்று சொல்லத்தக்கவர் இவ்விருவருமே. இருவரும் யூதக் குடும்பங்களில் பிறந்தவர்கள் என்பது பின்வரும் வரலாற்றிற்கு இன்றியமையாத செய்தியாகும்.

யோவாகிம் தந்த மற்றொரு கொடை அவரது கடென்சாக்கள். கன்செர்ட்டோவின் ஒரு பகுதி முடிவை நெருங்கும்போது இசைக்குழு ஓரிடத்தில் நின்றுவிடும். நடத்துநரின் கோலும் தாழ்ந்துவிடும். தனிக்கலைஞர் மட்டும், அதுவரை வந்த இராகக் கருக்களை எடுத்துக்கொண்டு, தம் கற்பனைக்கேற்ப விரித்து வாசிப்பார். இதுவே கடென்சா. நம் கச்சேரிகளில் மனோதர்மம் என வழங்குவதற்கு ஒருபுடை ஒப்பானது இது. மொசார்ட், பீத்தோவன் காலத்தில் இதனை மேடையிலேயே புனைவதும் உண்டு. பிற்காலத்தில் எழுதி வைத்து வாசிப்பது வழக்கமாயிற்று.

பீத்தோவன் வயலினுக்கென இக்கன்செர்ட்டோவில் கடென்சா எதனையும் எழுதவில்லை. ஆயின் 1807இல் இலண்டன் பதிப்பாளரும் பியானோ கலைஞருமான கிளெமெண்டி கேட்டுக்கொண்டதற்கிணங்க, இதே படைப்பைப் பியானோவுக்கு மாற்றி அமைத்தபோது, அதற்கு அவரே கடென்சாக்கள் எழுதினார். முதற்பகுதியின் கடென்சாவில் பியானோவுடன் டிம்பனி முரசும் சேர்ந்து ஒலிக்கும். யாரும் எதிர்பாராத ஒரு படைநடை முழங்கும். இது நெடுங்காலம் வயலின் கலைஞர்களால் பொருட்படுத்தப்படவில்லை. அவர்கள் யோவாகிமின் கடென்சாவையோ பிறருடையதையோ தத்தமக்கே உரியதையோ வாசித்து வந்தனர்.

இதனால் ஒரு புதுமை நேர்ந்தது. பீத்தோவனின் படைப்பு என்று கேட்கப்படுவதன் நடுவே மூன்று, நான்கு நிமிடங்கள் பீத்தோவன் அல்லாத ஒருவரின் குரல் ஒலிக்கலாயிற்று. அது யாருடைய குரல் என்னும் வினா, அரசியல் வினாவாகவும் ஆகும் காலம் வந்தது.

மெழுகில் பதிந்த குரல்

யோவாகிம் தம் எழுபத்திரண்டாம் வயதில், 1903இல், ஒலிப்பதிவுக் கூடத்திற்குச் சென்றார். பாக், பிராம்ஸ் ஆகியோரின் சிறு பகுதிகளையும் தம் சொந்தப் படைப்பு ஒன்றையும் வாசித்தார். அவர் வாழ்நாளெல்லாம் சுமந்த பீத்தோவன் கன்செர்ட்டோ அவற்றுள் இல்லை. நாற்பது நிமிடத்திற்கும் மேற்பட்ட அப்படைப்பைத் தாங்கும் ஆற்றல் அன்றைய இசைத்தட்டுக்கு இல்லை. 1907இல் அவர் மறைந்தார்.

1925இல் ஒலிவாங்கி வழி மின்முறைப் பதிவு வந்தது. இசைக்குழுவின் முழு ஓசையும் ஓரளவு தட்டில் இறங்கலாயிற்று. எனினும் நிமிடத்திற்கு 78 சுற்றுச் சுற்றும் பெரிய தட்டின் ஒரு பக்கத்தில் நான்கு, நான்கரை நிமிட இசையே அடங்கும். ஆகவே ஒரு கன்செர்ட்டோவைப் பத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாக்கி மெழுகுத் தட்டில் பதிய வேண்டியிருந்தது. ஒரு துண்டில் பிழை நேர்ந்தால் அத்துண்டு முழுவதையும் மீண்டும் வாசிக்க வேண்டும். ஒட்டிச் சரிசெய்ய வழியில்லை. இன்று அத்தட்டுகளைக் கேட்போர், ஒவ்வொரு துண்டும் மேடையில் வாசித்தது போன்ற உயிர்ப்புடன் இருத்தலை உணர்வர்.

1926ஆம் ஆண்டு டிசம்பரில் பெர்லின் நகரில் ஃபிரிட்ஸ் கிரைஸ்லர் இக்கன்செர்ட்டோவைப் பதிந்தார். அரசு இசைநாடக அரங்கின் குழுவை லியோ பிளெக் நடத்தினார். கிரைஸ்லர் 1875இல் வியன்னாவில் பிறந்தவர். யோவாகிமின் தலைமுறையினர் விரல் நடுக்கத்தைச் சிற்சில சுரங்களுக்கே அணியாகப் பயன்படுத்தினர். கிரைஸ்லரோ அதனை ஏறத்தாழ எல்லாச் சுரங்களிலும் இழையோட விட்டார். அதனால் அவரது ஓசைக்கு மனிதக் குரலின் வெம்மை வாய்த்தது. சுரத்திலிருந்து சுரத்திற்கு நம் ஜாரு போல வழுக்கிச் செல்லும் அழகும் அவரிடம் மிகுதி. இரண்டாம் பகுதியாகிய மெல்லிசையில் முரசும் எக்காளமும் அடங்க, தந்திக்கருவிகள் ஒலி தணித்துப் பாட, அவற்றின் மேல் அவர் வில் தவழும் நேரம், தட்டின் இரைச்சலையும் மறக்கச் செய்வது.

அவர் வாசித்த கடென்சா அவரே இயற்றியது. அதன் உச்சியில் முதற்பகுதியின் இரண்டு இராகக் கருக்களை ஒரே வயலினில் ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்கின்றார். வெவ்வேறு இடங்களில் பீத்தோவன் தனித்தனியே வைத்த இரண்டும் ஒன்றையொன்று தழுவிக்கொள்ளும் அவ்விடம் கேட்போரை இன்றும் நெகிழ்விக்கின்றது. யோவாகிமின் கடென்சாவுக்கு அடுத்தபடியாக, ஒருவேளை அதனினும் மிகுதியாக, பிற கலைஞர்கள் மேற்கொண்டது இதுவே.

ஹூபர்மனின் மறுப்பு

1933இல் நாஜிகள் ஜெர்மனியின் ஆட்சியைக் கைப்பற்றினர். யூத இசைவாணர் பணியிலிருந்து நீக்கப்படலாயினர். அவ்வேளையில் பெர்லின் ஃபில்ஹார்மானிக் இசைக்குழுவின் தலைவராய் இருந்த வில்ஹெல்ம் ஃபுர்ட்வெங்லர், போலந்து நாட்டு யூதரான பிரோனிஸ்லாவ் ஹூபர்மனைத் தம் குழுவுடன் வாசிக்குமாறு அழைத்தார். எழும்பி நிற்கும் சுவரை உடைக்க யாரேனும் ஒருவர் முன்வர வேண்டும் என்பது அவரது வாதம். அழைப்பில் நல்லெண்ணம் இருந்தது.

ஹூபர்மன் மறுத்தார். இது வயலின் கன்செர்ட்டோக்களைப் பற்றிய சிக்கல் அன்று. யூதரைப் பற்றியது மட்டுமும் அன்று. முன்னோர் குருதி சிந்தி ஈட்டிய ஐரோப்பியப் பண்பாட்டின் அடிப்படைகளைப் பற்றியது என்னும் கருத்துப்பட அவர் விடையெழுதினார். அக்கடிதம் அவ்வாண்டே உலகறிய வெளியாயிற்று.

மறு ஆண்டு, 1934 சூன் மாதத்தில், வியன்னாவில் ஹூபர்மன் பீத்தோவன் கன்செர்ட்டோவைப் பதிந்தார். வியன்னா ஃபில்ஹார்மானிக் குழுவை நடத்தியவர் ஜார்ஜ் செல். கிரைஸ்லரின் பதிவுக்குப் பின் இதனைக் கேட்போர் வேற்று நிலத்திற்கு வந்தது போல் உணர்வர். இங்கே தேன் இல்லை, தீ உண்டு. ஓசை மெலிந்து கூர்மையாகின்றது. சில இடங்களில் நடுக்கமே இன்றி வெண்மையாக நிற்கின்றது. தாளம் முறுக்கேறியிருக்கின்றது. கடைசிப் பகுதியின் துள்ளல் நடனம் களிப்பினும் துணிவையே மிகுதியாகக் காட்டுகின்றது. கடென்சாவுக்கு அவர் தேர்ந்தது யோவாகிமுடையது. ஒரு மாதம் கழித்து, சூலை 25ஆம் நாள், ஆஸ்திரியத் தலைமை அமைச்சர் டோல்ஃபஸ் நாஜிகளால் கொல்லப்பட்டார். அந்தத் தட்டுகளில் கேட்கும் பதற்றம் அக்காலத்தின் பதற்றமா, கலைஞரின் இயல்பா என்று பிரித்தறிதல் அரிது. இரண்டும் அங்கே ஒன்றாகிவிட்டன எனலாம்.

ஹூபர்மன் எழுத்தோடு நிற்கவில்லை. ஐரோப்பாவில் வேலை இழந்த யூத இசைவாணரைத் திரட்டிப் பாலஸ்தீனத்தில் ஓர் இசைக்குழு அமைத்தார். 1936 டிசம்பர் 26இல் டெல் அவீவில் அதன் முதல் நிகழ்ச்சியை நடத்தித் தந்தவர் இத்தாலிய மேதை டோஸ்கனினி. தட்டுகளில் எஞ்சிய அவரது வாசிப்பினும், உயிர் தப்பிய அக்குடும்பங்களே அவரது பெரிய படைப்பு என்போரும் உளர்.

இடிக்கப்பட்ட சிலை

1936 நவம்பரில் லைப்சிக் நகரின் புகழ்பெற்ற கெவாண்ட்ஹவுஸ் இசையரங்கின் முன் நின்ற மெண்டல்சன் சிலை இரவோடிரவாக அகற்றப்பட்டது. நகர மேயர் கோர்டெலர் ஊரில் இல்லாத வேளையில் அது நிகழ்ந்தது. அவர் அதன்பின் பதவி விலகினார். மெண்டல்சனின் இசை மேடைகளிலிருந்து விலக்கப்பட்டது. பீத்தோவனோ ஜெர்மன் இனத்தின் பெருமையாகப் போற்றப்பட்டார். அவரது வயலின் கன்செர்ட்டோவை உலகறியச் செய்த கை மெண்டல்சனுடையது என்பதை அச்சிலையை இடித்தோர் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

கிரைஸ்லர் 1933க்குப் பின் ஜெர்மன் மேடைகளில் வாசிப்பதைத் தவிர்த்தார். 1936இல் அதே கன்செர்ட்டோவை இலண்டனில் பார்பிரோலியுடன் மீண்டும் பதிந்தார். பின்னர்ப் பிரெஞ்சுக் குடியுரிமையும், 1943இல் அமெரிக்கக் குடியுரிமையும் பெற்றார். லியோ பிளெக் 1937 வரை பெர்லினில் பணியாற்றி, அதன்பின் ரீகாவுக்கும் அங்கிருந்து ஸ்டாக்ஹோமுக்கும் சென்று உயிர் தப்பினார். 1938இல் ஆஸ்திரியா ஜெர்மனியுடன் இணைக்கப்பட்டதும் வியன்னா ஃபில்ஹார்மானிக் தன் யூத உறுப்பினரை வெளியேற்றியது. ஐம்பத்தேழு ஆண்டுகள் அக்குழுவின் முதல் வயலினாக இருந்த அர்னால்டு ரோசே இலண்டனில் அடைக்கலம் புகுந்தார். தப்ப இயலாத உறுப்பினருள் எழுவர் அக்கொடுமைக்குப் பலியாயினர். 1926, 1934 ஆகிய இரு பதிவுகளையும் உருவாக்கிய உலகம் இவ்வாறு சிதறியது. மெழுகில் பதிந்த ஒலி மட்டும் சிதறாமல் நின்றது.

சிதறியவர்களுள் சிலர் அமெரிக்காவில் ஒன்றுகூடினர். 1940 மார்ச்சில் நியூயார்க்கில் யாஷா ஹைஃபெட்ஸ் டோஸ்கனினியுடன் இக்கன்செர்ட்டோவைப் பதிந்தார். ஒருவர் உருசியப் பேரரசின் வில்னாவில் பிறந்து அமெரிக்கரானவர். மற்றவர் பாசிசத்தை எதிர்த்துத் தாய்நாடு துறந்தவர். அப்பதிவு நாற்பது நிமிடங்களுக்குள் முடிந்துவிடுகின்றது. எங்கும் தயக்கம் இல்லை. ஒரு சுரமும் மங்குவதில்லை. கல்லில் செதுக்கிய எழுத்துப் போன்ற தெளிவு அது. நெஞ்சு நெகிழ்வதற்கு நேரம் தராத வேகம் என்று குறை கூறுவோர் உண்டு. நெகிழ்ச்சியின் பெயரால் உலகம் ஏமாற்றப்பட்ட காலத்தில் தெளிவே அறம் என்று விடை கூறுவோரும் உண்டு.

1944 சனவரி

அதே கன்செர்ட்டோவின் வேறொரு பதிவு 1944 சனவரியில் பெர்லினில் உருவாயிற்று. ஃபுர்ட்வெங்லர் பெர்லின் ஃபில்ஹார்மானிக் குழுவை நடத்த, அக்குழுவின் முதல் வயலின் கலைஞர் எரிக் ரோன் தனிக்கலைஞராக வாசித்தார். முன்னர் அத்தகைய பதவியில் இருந்த யூதரான ஷைமன் கோல்டுபெர்க் 1934இலேயே விலக நேர்ந்தது. பதிவு தட்டில் அன்று, காந்த நாடாவில். போர்க்காலத்து ஜெர்மன் வானொலி அத்துறையில் முன்னேறியிருந்ததால், துண்டு துண்டாக அறுபடாமல் இசை நீளமாக ஓடுகின்றது. அம்மாத 30ஆம் நாள் விமானக் குண்டுவீச்சில் பழைய ஃபில்ஹார்மானி அரங்கம் அழிந்தது. அவ்வரங்கில் எழுந்த கடைசி ஒலிகளுள் சிலவற்றை அந்நாடா காத்து வைத்துள்ளது.

இப்பதிவைக் கேட்போர் ஓர் இடர்ப்பாட்டிற்கு உள்ளாகின்றனர். இசை மிக உயர்ந்தது. இசைக்குழுவின் முழக்கம் அச்சமும் வேண்டுதலும் கலந்தது போல் எழுகின்றது. அரங்கில் அமர்ந்திருந்தோருள் துன்புற்றோரும் இருந்திருப்பர், துன்புறுத்தியோரும் இருந்திருப்பர். இருவர்க்கும் ஒரே இசை. அழகு அறத்திற்குச் சான்றாகாது என்னும் கசப்பான பாடத்தை இந்நாடா கற்பிக்கின்றது. அதனால் அவ்வழகு பொய்யாகிவிடுவதும் இல்லை.

ஃபுர்ட்வெங்லரை எளிதில் எடைபோட இயலாது. அவர் கட்சியில் சேரவில்லை. 1934இல் ஹிண்டெமித் என்னும் இசையமைப்பாளருக்காக வெளிப்படையாக வாதாடிப் பதவி துறந்தார். யூத இசைவாணர் சிலர்க்கு உதவினார். ஆயினும் நாட்டைவிட்டுச் செல்லவில்லை. 1942இல் இட்லரின் பிறந்தநாளையொட்டிய விழாவிலும் இசை நடத்தினார். அவர் பெயரும் கலையும் அவ்வாட்சிக்கு அணியாகப் பயன்பட்டன.

லூசெர்ன், 1947

யெஹுதி மெனுஹின் 1916இல் நியூயார்க்கில் பிறந்த யூதர். பதினோராம் வயதில் நியூயார்க் கார்னகி அரங்கில் இதே பீத்தோவன் கன்செர்ட்டோவை வாசித்து உலகப் புகழ் பெற்றவர். போர்க்காலத்தில் நேச நாட்டுப் படையினர்க்கு நூற்றுக்கணக்கான நிகழ்ச்சிகள் வழங்கினார். 1945 சூலையில் பென்ஜமின் பிரிட்டனின் பியானோ துணையுடன், பெர்கன்-பெல்சன் வதைமுகாமில் எஞ்சியிருந்தோர்க்கு வாசித்தார். நாஜிகளின் கொடுமையை நூலில் படித்தவர் அல்லர், கண்ணால் கண்டவர்.

ஃபுர்ட்வெங்லர் விசாரணைக்குப் பின் குற்றம் நீங்கி, 1947 மே மாதம் மீண்டும் பெர்லின் மேடையேறினார். அவ்வாண்டு ஆகஸ்டு இறுதியில் சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் நகரில் மெனுஹினும் அவரும் பீத்தோவன் கன்செர்ட்டோவைப் பதிந்தனர். செப்டம்பரில் பெர்லினிலும் இருவரும் சேர்ந்து அதனை மேடையில் வழங்கினர். அந்நகரில் முகாம்களில் வாழ்ந்த யூத அகதிகள் மெனுஹினின் நிகழ்ச்சியைப் புறக்கணித்தனர். அவர் அவர்கள் நடுவே நேரில் சென்று தம் கருத்தைச் சொன்னார். கேட்டவர்கள் அனைவரும் ஏற்றனர் எனல் இயலாது. உற்றாரை இழந்தோர்க்கு மன்னிக்கும் கடமை உண்டென்று பிறர் சொல்லலாகாது. 1949இல் சிகாகோ இசைக்குழு ஃபுர்ட்வெங்லரை அழைக்க முயன்றபோது ஹோரோவிட்ஸ், ரூபின்ஸ்டைன் முதலியோரின் எதிர்ப்பால் அம்முயற்சி கைவிடப்பட்டது. மெனுஹின் அப்போதும் அவர் பக்கமே நின்றார்.

லூசெர்ன் பதிவு ஹைஃபெட்ஸ் பதிவுக்கு நேர்மாறானது. நடை அகன்றது. ஒரு சொற்றொடர் முடிந்து அடுத்தது தொடங்கும் முன் மூச்சு விட இடம் இருக்கின்றது. மெனுஹினின் ஓசை சில இடங்களில் நடுங்குகின்றது. பழுதற்றது என்று சொல்ல இயலாது. ஆனால் அவ்வாசிப்பு ஒன்றைத் தேடிச் செல்வது போல் இருக்கின்றது. 1953இல் இருவரும் இலண்டனில் ஃபில்ஹார்மோனியா குழுவுடன் மீண்டும் பதிந்தனர். நாடாவில் பதிந்து நெடுந்தட்டில் வெளிவந்த அப்பதிவு 44 நிமிட அளவினது, ஒலித் தெளிவு மிக்கது, அமைதி கூடியது. இரண்டையும் ஒப்பிடுவோருள் பலர் பின்னதை நிறைவு மிக்கதெனவும், முன்னதை உயிர் துடிப்பதெனவும் கூறுவர்.

லூசெர்ன் பதிவில் உற்று நோக்கத்தக்கது கடென்சா. மெனுஹின் தேர்ந்தது கிரைஸ்லர் இயற்றியதை. பெர்லின் மேடையைத் தவிர்த்து விலகிய ஒருவரின் கற்பனை அது. அதனை வாசிப்பவர் ஒரு யூதர். அந்நிமிடங்களில் இசைக்குழு வாளாவிருக்கின்றது. ஃபுர்ட்வெங்லரின் கோல் தாழ்ந்திருக்கின்றது. அவர் செய்யக்கூடியது கேட்பது ஒன்றே. சொற்களால் கேட்கப்பட்ட எந்த வினாவைக் காட்டிலும் இந்த ஏற்பாடு ஆழமானது. இரண்டு கருக்களும் தழுவும் அந்த உச்சி கடந்து, கடென்சா அடங்கிய பின், தந்திக்கருவிகள் மெல்ல விரலால் மீட்டித் துணை சேர்கின்றன. பீத்தோவன் எழுதிய இடங்களுள் மிக எளியதும் மிக மென்மையானதும் அதுவே.

ஹூபர்மன் இப்பதிவைக் கேட்கவில்லை. அதற்கு இரண்டு மாதங்கள் முன்னர், 1947 சூன் மாதத்தில், சுவிட்சர்லாந்திலேயே அவர் காலமானார். 1933இல் அவர் எந்தச் சுவரைப் பற்றிக் கடிதம் எழுதினாரோ, அதன் இடிபாடுகள் மீதே மெனுஹின் நடந்து சென்றார். ஹூபர்மன் மறுத்தது சரியா, மெனுஹின் இசைந்தது சரியா என்று வினவுதல் இயல்பு. அதிகாரம் ஓங்கி நிற்கும்போது அதன் அவையை அணி செய்ய மறுத்தல் ஓர் அறம். அது வீழ்ந்த பின், வீழ்ந்தவரோடு ஒரே மேடையில் நிற்கத் துணிதல் வேறோர் அறம். முன்னது நிகழாதிருந்தால் பின்னதற்கு மதிப்பு இராது.

முரசு மீண்டும் ஒலித்தல்

1962இல் வுல்ஃப்காங் ஷ்னைடர்ஹான் பெர்லின் ஃபில்ஹார்மானிக் குழுவுடன் யோகம் நடத்த ஒரு பதிவு செய்தார். பீத்தோவன் பியானோ வடிவத்திற்கு எழுதியிருந்த கடென்சாவை வயலினுக்கு ஏற்றவாறு அவர் மாற்றி அமைத்திருந்தார். தனி வயலினுடன் டிம்பனி முரசு சேர்ந்து முழங்கியது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிறர் குரல்களே நிரப்பி வந்த இடத்தில் பீத்தோவனின் குரலுக்கு இடம் கிடைத்தது.

அதற்கு எதிர்முனையில் நின்றவர் கிடோன் கிரெமர். மாரினருடன் செய்த பதிவில் அவர் சோவியத் இசையமைப்பாளர் ஷ்னிட்கே இயற்றிய கடென்சாக்களை வாசித்தார். அவற்றில் பிராம்ஸ், பெர்க், பார்டோக், ஷோஸ்தகோவிச் ஆகியோரின் கன்செர்ட்டோக்களின் எதிரொலிகள் வந்து போகும். பீத்தோவனுக்குப் பின் வயலினுக்கு நேர்ந்த அனைத்தையும் அவ்வெற்றிடம் நினைவுகூர்வது போன்ற ஏற்பாடு அது. தூய்மை விரும்பிகள் கடுமையாகக் கண்டித்தனர். பின்னர் ஆர்னன்கூர் நடத்திய பதிவில் அதே கிரெமர் பியானோ வடிவத்துக் கடென்சாவை நாடினார். 2009இல் பட்ரீசியா கோபாச்சின்ஸ்கயா ஹெரவெகேயுடன் செய்த பதிவிலும் அவ்வழியே மேற்கொள்ளப்பட்டது. அவர் கையெழுத்துப்படியில் காணப்படும் மாற்றுப்பாடங்களையும் கருத்தில் கொண்டு வாசித்தார். ஓலைச்சுவடிகளின் பாடபேதங்களை ஒப்பிட்டுப் பதிப்பித்த நம் பதிப்பாசிரியர்களின் உழைப்பை இங்கே நினைத்துக்கொள்ளலாம். இக்கன்செர்ட்டோவுக்கும் ஒரே முடிந்த பாடம் இல்லை. பீத்தோவனே தனி வயலின் பகுதிக்குப் பல இடங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்களை எழுதி வைத்திருந்தார்.

நிறைவு

பதிவுகளை ஒப்பிடுவோர் எது சிறந்தது என்னும் வினாவுடன் தொடங்குவர். கிரைஸ்லரின் வெம்மையா, ஹூபர்மனின் தீயா, ஹைஃபெட்ஸின் தெளிவா, மெனுஹினின் தேடலா என்று மதிப்பெண் இடுதலும் சுவையே. எனினும் அவ்வொப்பீடு நீளநீள, வினா மாறிவிடுகின்றது. யார் வாசித்தார், யாருக்காக வாசித்தார், யாருடன் வாசிக்க மறுத்தார், யாருடைய கற்பனையைத் தம் விரல்களில் ஏந்தினார் என்று கேட்கத் தோன்றுகின்றது. அப்போது அத்தட்டுகள் இசைப்பொருள்களாக மட்டும் நில்லாது வரலாற்று ஆவணங்களாகவும் ஆகின்றன.

1806இல் ஒரு படைப்பாளர் ஓரிடத்தை எழுதாமல் விட்டார். மறந்துவிட்டாரா, கிளெமெண்டின் கற்பனையை நம்பி விட்டாரா, எதுவாயினும் ஆகுக. அவ்விடத்தில் ஒரு நூற்றாண்டின் அன்பும் பகையும் மறுப்பும் மன்னிப்பும் வந்து தங்கின. ஐந்து முரசொலிகளோடு தொடங்கும் அப்படைப்பை இனிக் கேட்போர், இசைக்குழு வாய்மூடித் தனி வயலின் மட்டும் ஒலிக்கும் அவ்விடம் வரும்போது சற்றே செவி சாய்ப்பாராக. அங்கே ஒலிப்பது ஒருவரின் குரல் அன்று.